லத்தீன் வேர்களைப் பிடித்து ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

இன்ஜெக்‌ஷன், ப்ராஜெக்ட், ரிஜெக்ட், சப்ஜெக்ட். ஆங்கிலம் வராது என்று ஒதுங்குகிறவர்கள்கூட இந்த நான்கையும் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுவார்கள். நான்கிலும் ‘ஜெக்ட்’ இருக்கிறது. ‘எறிதல்’ என்ற பொருள் கொண்ட லத்தீன் வினையிலிருந்து வந்த துண்டு அது. மருந்தை உடம்புக்குள் எறிவது இன்ஜெக்‌ஷன். திருப்பி எறிந்தால் ரிஜெக்ட். படத்தைத் திரையை நோக்கி முன்னால் எறியும் கருவி ப்ரொஜெக்டர். செய்யப்போவதை முன்கூட்டியே எண்ணிப் போடும் திட்டம் ப்ராஜெக்ட். ஒரு அரசனுக்குக் கீழே கிடப்பவர்கள் அவனுடைய சப்ஜெக்ட்கள், அதாவது குடிகள்.

இப்படி ஒரு வேரைத் தெரிந்துகொண்டால் அதை ஒட்டிய ஒரு குடும்பமே புரிகிறது. இந்த முறை பலருக்கும் கேள்விப்பட்டதுதான். ஆனால் பெரும்பாலும் நூறு வேர், இருநூறு வேர் என்று ஒரு பட்டியலைக் கையில் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு வாரத்தில் எல்லாம் மறந்துபோகிறது. என் கருத்தில், பட்டியலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, ஏற்கெனவே நாம் பேசிக்கொண்டிருக்கும் சொற்களிலிருந்து தொடங்க வேண்டும். அதோடு, வேர்கள் எப்படி உருமாறுகின்றன என்பதையும் கற்க வேண்டும். பட்டியல்கள் சொல்லாமல் விடுவது அதைத்தான்.

இந்த முறை எங்கே உதவும், எங்கே உதவாது

1066இல் நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றினார். அதற்குப் பிறகு நெடுங்காலம் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு ஆட்சி செய்தது. பிரெஞ்சு, லத்தீனின் வழிவந்த மொழி. பின்னர் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கில அறிஞர்கள் லத்தீன் நூல்களிலிருந்தே நேரடியாகச் சொற்களை எடுத்துக்கொண்டார்கள்.

இதனால் ஆங்கிலத்தில் இரண்டு அடுக்குகள் உண்டாயின. ஈட், ஸ்லீப், ஹவுஸ், ஹேண்ட், மூன் போன்ற வீட்டுச் சொற்கள் பழைய ஜெர்மானிய அடுக்கு. அலுவலகம், கோர்ட், மருத்துவமனை, பாடப்புத்தகம் ஆகிய இடங்களில் புழங்குபவை பெரும்பாலும் லத்தீன் அடுக்கு. பல்லுக்கு டூத் என்கிறோம், பல் மருத்துவர் டென்டிஸ்ட் ஆகிவிடுகிறார். நிலா மூன்தான், நிலவு சார்ந்த எதுவும் லூனார். கை ஹேண்ட், கையால் செய்வது மேனுவல்.

வேர்வழிக் கல்வி இரண்டாவது அடுக்குக்கு மட்டும்தான். கெட், டேக், புட் போன்ற சின்னச் சொற்கள் அப், ஆஃப், அவுட் என்பவற்றோடு சேர்ந்து பொருள் மாறுவதை எந்த லத்தீன் வேரும் சொல்லித்தராது. அதைக் கேட்டும் பேசியும்தான் பிடிக்க வேண்டும். செய்தித்தாள் தலையங்கம், சட்டம், உயிரியல், போட்டித் தேர்வு என்று போகிறவர்களுக்கு இந்த முறை கொடுக்கும் பலன் பெரியது.

முதல் படி: வாயில் இருக்கும் சொற்களைத் திரட்டுங்கள்

ஒரு நோட்டை எடுத்து, அன்றாடம் காதில் விழும் ஆங்கிலச் சொற்களைத் தமிழிலேயே எழுதுங்கள். கண்டக்டர், இன்ஸ்பெக்டர், டிராக்டர், டிரான்ஸ்ஃபர், டெபாசிட், பர்மிஷன், அட்மிஷன், ரிசப்ஷன், சஸ்பென்ட், பென்ஷன், அட்வகேட், கார்ப்பரேஷன், எலெக்‌ஷன், கலெக்டர். இவை அனைத்திலும் லத்தீன் இருக்கிறது.

இப்போது ஒவ்வொன்றின் நடுவிலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இன்ஸ்பெக்டரில் ‘ஸ்பெக்ட்’, பார்ப்பது. உள்ளே புகுந்து பார்ப்பவர் இன்ஸ்பெக்டர். ஒருவரைத் திரும்பிப் பார்க்க வைப்பது ரெஸ்பெக்ட். கீழிருந்து ஐயத்தோடு மேலே பார்ப்பது சஸ்பெக்ட். டிராக்டரில் ‘டிராக்ட்’, இழுப்பது. கவனத்தை வேறு பக்கம் இழுத்தால் டிஸ்ட்ராக்ட், வெளியே இழுத்தால் எக்ஸ்ட்ராக்ட், கீழிருந்து இழுத்து எடுத்துவிட்டால் சப்ட்ராக்ட், இருவரையும் ஒன்றாக இழுத்துக் கட்டினால் கான்ட்ராக்ட். கண்டக்டரில் ‘டக்ட்’, நடத்திச் செல்வது. படத்தை முன்னே கொண்டுவருபவர் ப்ரொட்யூசர், சம்பளத்திலிருந்து கீழே இறக்குவது டிடக்‌ஷன்.

கலெக்டர் என்ற சொல் தனியே கவனிக்க வேண்டியது. லத்தீனில் ‘லெகெரெ’ என்றால் திரட்டுவது, தேர்ந்தெடுப்பது, வாசிப்பது என்று மூன்று பொருளும் உண்டு. 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் கலெக்டர் பதவியை ஏற்படுத்தியபோது, வரியைத் திரட்டுவதே அவருடைய தலையாய வேலை. அதே வேரின் ‘தேர்ந்தெடுக்கும்’ பொருளிலிருந்து எலெக்‌ஷனும் செலக்‌ஷனும் வந்தன. ‘வாசிக்கும்’ பொருளிலிருந்து லெக்சர் வந்தது, ஏனென்றால் அந்தக் காலத்தில் பாடம் நடத்துவது என்பது நூலை உரக்க வாசிப்பதுதான்.

இரண்டாம் படி: முன்னொட்டுகள்

வேர்கள் ஆயிரம் இருக்கலாம். முன்னொட்டுகள் கொஞ்சம்தான், அதனால் இவற்றை மட்டும் மனப்பாடம் செய்துவிடலாம். இன் (உள்ளே), எக்ஸ் (வெளியே), ரி (திரும்ப), ப்ரோ (முன்னோக்கி), ப்ரி (முன்னதாக), சப் (கீழே), டிரான்ஸ் (கடந்து), கான் (ஒன்றாக), டிஸ் (பிரித்து, வேறு பக்கம்), டி (கீழிறக்கி, அகற்றி), ஆட் (ஒன்றை நோக்கி), ஆப் என்று ‘ஏ’ எழுத்தில் தொடங்குவது (விலகி), ஆப் என்று ‘ஓ’ எழுத்தில் தொடங்குவது (எதிரே), பெர் (ஊடாக), இன்டர் (இடையே). இவற்றை ‘ஜெக்ட்’, ‘டிராக்ட்’, ‘மிட்’ ஆகிய மூன்று வேர்களோடும் பொருத்திப் பார்த்தால் போதும், படிந்துவிடும். ‘மிட்’ என்றால் அனுப்புவது: டிரான்ஸ்மிட் அப்பால் அனுப்புவது, எமிட் வெளியே விடுவது, பெர்மிட் ஊடே போக விடுவது.

மூன்றாம் படி: புணர்ச்சி

தமிழ் படித்தவர்களுக்கு இங்கே ஒரு நல்ல வசதி. மரம், கள் இரண்டும் சேர்ந்தால் மரங்கள். பொன், குடம் சேர்ந்தால் பொற்குடம். பின்னால் வரும் ஒலிக்கு ஏற்ப முன்னால் இருப்பது திரியும் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். லத்தீன் முன்னொட்டுகளும் இதையேதான் செய்கின்றன.

‘அல்ல’ என்று பொருள் தரும் இன்னொரு ‘இன்’ உண்டு. அது ‘பி’, ‘எம்’ எழுத்துகளுக்கு முன் ‘இம்’ ஆகும்: இம்பாஸிபிள், இம்மார்ட்டல். ‘எல்’ முன் ‘இல்’: இல்லீகல். ‘ஆர்’ முன் ‘இர்’: இர்ரெகுலர். உச்சரிப்பில் ஒன்றுபோலக் கேட்டாலும் எழுதும்போது அந்த எழுத்து இரண்டு முறை வருவது இதனால்தான். கான், ‘எல்’ முன் கால் ஆகிறது, ஆகவே கலெக்டரில் இரண்டு ‘எல்’. ‘ஆர்’ முன் கார், ஆகவே கரெக்டில் இரண்டு ‘ஆர்’.

அதிகமாக வேடம் மாற்றுவது ‘ஆட்’. அட்மிட், அட்வகேட் போன்றவற்றில் முகம் தெரியும். அக்செப்ட், அஃபெக்ட், அப்பீல், அரைவ், அஸிஸ்ட், அட்ராக்ட் இவற்றில் அடுத்த எழுத்தாகவே மாறி மறைந்துவிடும். ‘ஏ’ எழுத்தில் தொடங்கி, உடனே ஒரு மெய்யெழுத்து இரட்டித்து வந்தால் அங்கே ‘ஆட்’ ஒளிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ‘சப்’ பும் அப்படித்தான். சக்ஸஸ், சஃபர், சப்போர்ட் மூன்றிலும் அது இருக்கிறது. சப்போர்ட் கீழிருந்து தாங்குவது, சஃபர் கீழே நின்று சுமப்பது.

ஸ்பெல்லிங்குக்கு இதைவிட உறுதியான துணை வேறில்லை. அக்காமடேஷனில் எத்தனை ‘சி’, எத்தனை ‘எம்’ என்று தடுமாறாதவர்கள் குறைவு. ‘ஆட்’ முன்னொட்டு அடுத்த ‘சி’க்காகத் திரிந்ததால் இரண்டு ‘சி’. ‘கான்’ முன்னொட்டு அடுத்த ‘எம்’முக்காகத் திரிந்ததால் இரண்டு ‘எம்’. பிரித்துப் பார்த்தவர் இதை மீண்டும் தவறாக எழுத வாய்ப்பில்லை.

குழப்பும் இரட்டைகளும் இதே வழியில் தெளியும். அஃபெக்ட், எஃபெக்ட் இரண்டிலும் வேர் ஒன்றே, ‘செய்தல்’. முதலாவதில் ‘ஆட்’, ஒன்றின்மேல் போய்ச் செயல்படுவது. இரண்டாவதில் ‘எக்ஸ்’, செயலிலிருந்து வெளிவந்த விளைவு. இம்மிக்ரன்ட் உள்ளே வருபவர், எமிக்ரன்ட் வெளியே போகிறவர். அட்வர்ஸ் நம்மை நோக்கி எதிராகத் திரும்பி நிற்பது, அவர்ஸ் பிடிக்காமல் விலகித் திரும்புவது.

நான்காம் படி: ஒரு வினைக்கு இரண்டு உருவம்

வேர்ப் பட்டியல்களில் ‘மிட், மிஸ்’ என்றும் ‘ஸ்க்ரைப், ஸ்க்ரிப்ட்’ என்றும் ஜோடியாகப் போட்டிருப்பார்கள். ஏன் இரண்டு என்பதை விளக்குவது அபூர்வம். தமிழில் ‘வா’ என்ற வினை வந்தான், வருவான் என்று உருமாறுவது போல லத்தீன் வினைக்கும் நிகழ்கால உரு ஒன்று, ‘செய்யப்பட்டது’ என்ற பொருளில் வரும் உரு ஒன்று என்று இரண்டு உண்டு. ஆங்கிலம் இரண்டையும் கடன் வாங்கியது. பெரும்பாலும் முதல் உருவிலிருந்து வினைச்சொல் வந்தது, இரண்டாவதிலிருந்து ‘ஷன்’ என்று முடியும் பெயர்ச்சொல் வந்தது.

அதனால்தான் பெர்மிட், ஆனால் பர்மிஷன். டிஸ்க்ரைப், ஆனால் டிஸ்க்ரிப்ஷன். ரிசீவ், ஆனால் ரிசப்ஷன். கன்வெர்ட், ஆனால் கன்வெர்ஷன். சஸ்பென்ட், ஆனால் சஸ்பென்ஷன். இந்த ஜோடிகளை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பழகிவிட்டால், ரிசீவ் தெரிந்தவருக்கு டிசீவ், டிசெப்ஷன், பெர்சீவ், பெர்செப்ஷன், கன்சீவ், கான்செப்ட் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்று தானாகவே தெரியும். எல்லாவற்றுக்கும் வேர் ‘கபெரெ’, பிடிப்பது. மனத்தால் பிடித்தது கான்செப்ட், புலன்களால் பிடித்தது பெர்செப்ஷன்.

சில வினைகளில் இரண்டு உருவுக்கும் ஒட்டும் உறவும் இல்லாததுபோல் இருக்கும். ‘ஃபெர்’ என்றால் சுமப்பது, அதன் மறு உரு ‘லாட்’. டிரான்ஸ்ஃபரும் டிரான்ஸ்லேட்டும் ஒரே வினையின் இரு உருக்கள்: இரண்டும் ஒன்றை அந்தப் பக்கத்துக்குச் சுமந்து செல்வதுதான். ரெஃபர், ரிலேட் ஜோடியும் அப்படியே.

இன்னொரு மாற்றமும் கவனிக்க வேண்டியது. முன்னொட்டு சேர்ந்தவுடன் வேரின் நடுவிலுள்ள ‘ஏ’ பல இடங்களில் மெலிந்து ‘ஈ’ எழுத்தாகவோ ‘ஐ’ எழுத்தாகவோ போகும். செய்தலைக் குறிக்கும் வேர் ஃபேக்டரியில் ‘ஃபேக்ட்’ என்று இருக்கிறது. பெர்ஃபெக்டில் ‘ஃபெக்ட்’, எஃபிஷியன்டில் ‘ஃபிக்’. மூன்றும் ஒன்று என்று தெரியாதவர் மூன்று வேர்களாக மனப்பாடம் செய்து களைத்துப்போவார்.

ஐந்தாம் படி: பின்னொட்டு

இதில் நேரம் செலவிடத் தேவையில்லை. ‘ஷன்’ என்று முடிந்தால் பெயர்ச்சொல். ‘டர்’ அல்லது ‘சர்’ என்று முடிந்தால் பெரும்பாலும் செய்பவர். ‘ஏபிள்’, ‘இபிள்’ என்றால் செய்யக்கூடியது. ‘ஃபை’ என்றால் அப்படி ஆக்குவது: ப்யூரிஃபை தூய்மையாக்குவது, மேக்னிஃபை பெரிதாக்குவது. ‘ஆஸ்’ என்றால் அந்தத் தன்மை நிறைந்தது. இவ்வளவு தெரிந்தால் வாக்கியத்தில் அந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று புரிந்துவிடும்.

ஆறாம் படி: தெரியாத சொல்லை வெட்டுவது

படிக்கும்போது ‘இர்ரெவொகபிள்’ என்று ஒரு சொல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னாலிருந்து வெட்டுங்கள். ‘ஏபிள்’, செய்யக்கூடியது. முன்னால் ‘இர்’, அல்ல. அடுத்து ‘ரி’, திரும்ப. மிஞ்சுவது ‘வொக்’. இதை எங்கே பார்த்திருக்கிறோம்? அட்வகேட். துணைக்கு அழைக்கப்பட்டவர் என்பதே அதன் பழைய பொருள். ஆக, ‘வொக்’ என்றால் அழைப்பது. திரும்ப அழைக்க முடியாதது, அதாவது ரத்து செய்ய முடியாதது. சொத்து தொடர்பான அதிகாரப் பத்திரங்களில் இந்தச் சொல் வந்தால் கையெழுத்துப் போடும் முன் இருமுறை யோசிக்க வேண்டும். இதே வேரிலிருந்து ரிவோக், ப்ரொவோக், இன்வோக் வந்தன. வொகாபுலரி என்ற சொல்லேகூட இந்தக் குடும்பம்தான்.

வெட்டியபின் ஊகித்த பொருளை அந்த வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். பொருந்தினால் அகராதியைத் திறந்து உறுதிசெய்யுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். முதலில் அகராதி பார்த்துவிட்டால் மூளைக்கு வேலை இல்லாமல் போய்விடும், சொல்லும் தங்காது. அகராதி பார்க்காமலே விட்டால் தவறான ஊகம் நிலைத்துவிடும்.

நீதிமன்றச் செய்திகள் இதற்கு நல்ல பயிற்சிக் களம். ஆட்கொணர்வு மனு என்று நாம் சொல்லும் ஹேபியஸ் கார்பஸில் ‘கார்பஸ்’ என்பது உடல். பலர் சேர்ந்து சட்டத்தின் பார்வையில் ஒரே உடலாக நிற்பது கார்ப்பரேஷன். மாண்டமஸ் என்றால் ‘ஆணையிடுகிறோம்’. கமாண்ட், டிமாண்ட், மாண்டேட்டரி எல்லாம் அதன் உறவு.

ஏழாம் படி: பொறிகள்

உருவம் ஒன்றாக இருந்தாலும் வேர் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பெடலிலும் பெடஸ்ட்ரியனிலும் வருவது கால் என்ற லத்தீன் சொல். குழந்தை மருத்துவத்தைக் குறிக்கும் பீடியாட்ரிக்ஸில் வருவது குழந்தை என்ற கிரேக்கச் சொல். டிரான்ஸ்போர்ட்டில் ‘போர்ட்’ சுமப்பது, ஏர்போர்ட்டில் அது துறைமுகம். டெரிட்டரி மண்ணிலிருந்து வந்தது, டெரர் அச்சத்திலிருந்து வந்தது.

‘இன்’ இரண்டு வகை என்று முன்பே பார்த்தோம். அதனால் உண்டாகும் குழப்பம் சில நேரம் ஆபத்தானது. இன்ஃப்ளேமபிள் என்றால் தீப்பிடிக்காதது என்று தோன்றும். உண்மையில் அது எளிதில் தீப்பிடிப்பது. அங்கே இருக்கும் ‘இன்’ உள்ளே என்பது, அல்ல என்பது இல்லை.

சில சொற்கள் வேரைவிட்டு வெகுதூரம் வந்துவிட்டன. நைஸ் என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்கு ‘ஒன்றும் அறியாதவன்’ என்று பொருள். ரோமில் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் வெளுத்த மேலாடை அணிந்தார்கள், வெண்மையைக் குறிக்கும் அந்த வேரிலிருந்து கேண்டிடேட் வந்தது. ப்ரொஸ்க்ரைப் என்றால் தடைசெய்வது. ‘ஸ்க்ரைப்’ என்றால் எழுதுவது. வெளியே எழுதி ஒட்டுவது எப்படித் தடையாயிற்று? கிமு 82இல் ரோமானியத் தளபதி சுல்லா தன் எதிரிகளின் பெயர்களைப் பொது இடத்தில் எழுதி வைத்தார். பட்டியலில் இருந்தவரை யார் வேண்டுமானாலும் கொல்லலாம், சொத்து பறிபோகும். இந்தக் கதையை ஒருமுறை படித்தவர் ப்ரொஸ்க்ரைபையும் மருந்து எழுதித் தரும் ப்ரிஸ்க்ரைபையும் குழப்பமாட்டார்.

ஆனால் கதைகளிலும் எச்சரிக்கை வேண்டும். சின்சியர் என்ற சொல் ‘மெழுகு இல்லாதது’ என்பதிலிருந்து வந்தது என்று ஒரு கதை வெகுவாகப் பரவியிருக்கிறது. அதற்கு ஆதாரம் இல்லை. சுவையான கதை கிடைத்தால், சொற்பிறப்பு தரும் நல்ல அகராதியில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். மெரியம் வெப்ஸ்டர் அகராதித் தளத்தில் பெரும்பாலான சொற்களுக்குப் பிறப்பு இலவசமாகவே கிடைக்கிறது.

எட்டாம் படி: நோட்டும் நேரமும்

ஒரு வேருக்கு ஒரு பக்கம். நடுவில் வேரின் இரண்டு உருவத்தையும் பொருளையும் எழுதுங்கள். இடப்பக்கம் முன்பே தெரிந்த சொற்கள், வலப்பக்கம் புதிதாகச் சந்தித்தவை. புதிய சொல் ஒவ்வொன்றுக்கும் நீங்கள் அதைப் படித்த வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இடப்பக்கம் காலியாக இருக்கும் வேரை இப்போதைக்குத் தொடவே வேண்டாம், பற்றிக்கொள்ளத் தெரிந்த சொல் ஒன்றுகூட இல்லாத வேர் நிற்காது.

வாரத்துக்கு இரண்டு வேர் போதும். ஜெக்ட், ஸ்பெக்ட், டிராக்ட், மிட், டக்ட், போர்ட், ஸ்க்ரிப்ட், டிக்ட், செப்ட், ஃபெக்ட், வெர்ட், ஃபெர் என்ற வரிசையில் போகலாம். பழைய பக்கங்களை மறுநாள், அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே திரும்பப் பாருங்கள். அப்போதும் வலப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, சொற்களை நினைவிலிருந்து எடுக்கப் பாருங்கள். டெலி, ஃபோட்டோ, பயோ போன்றவை கிரேக்க வேர்கள். அவற்றுக்கு நோட்டின் பின்பக்கத்தை ஒதுக்கிவிடுங்கள்.

அப்புறம் சோதனை. இன்டர்செப்ட், எமிசரி, பெனஃபாக்டர், மாலெடிக்‌ஷன், சர்கம்ஸ்பெக்ட் என்ற ஐந்தையும் வெட்டிப் பாருங்கள். ‘பெனெ’ நன்றாக, ‘மாலெ’ தீதாக, ‘சர்கம்’ சுற்றிலும், ‘டிக்ட்’ சொல்வது. மீதி எல்லாம் மேலே வந்துவிட்டது.

இடைமறித்துப் பிடிப்பது இன்டர்செப்ட். வெளியே அனுப்பப்பட்ட தூதர் எமிசரி. நன்மை செய்தவர், அதாவது புரவலர், பெனஃபாக்டர். தீச்சொல், சாபம் மாலெடிக்‌ஷன். நாலு பக்கமும் பார்த்து நடக்கும் எச்சரிக்கைக் குணம் சர்கம்ஸ்பெக்ட், அது முடிவெடுப்பவரையும் பேச்சையும் பற்றிச் சொல்லப் பயன்படும் பெயரடை. எமிசரியில் ‘மிஸ்’ஸையும் பெனஃபாக்டரில் ‘ஃபேக்ட்’டையும் கண்டுபிடிக்கத் தடுமாறினால் நான்காம் படியை மட்டும் இன்னொருமுறை படித்துவிட்டு அடுத்த வேருக்குப் போங்கள்.